ஐந்தால் வகுத்த வீடு

குடும்பம் என்றால் என்ன என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வோம். பல்கலைக்கழக நிதியுதவிப் படிவத்துக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. வீட்டில் சம்பாதிக்கும் எல்லாருடைய மாதச் சம்பளத்தையும் கூட்ட வேண்டும். கைக்கு வரும் சம்பளம் அல்ல, மத்திய சேமநிதிக்குப் பிடிப்பதற்கு முந்தைய மொத்தச் சம்பளம். அதை வீட்டில் இருப்பவர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். கிடைப்பது தனிநபர் குடும்ப வருமானம். கல்வி அமைச்சின் உதவித்தொகை நமக்கு உண்டா, உண்டென்றால் எந்த அடுக்கில் என்பதைப் பெரும்பாலும் அந்த ஒற்றை எண்தான் தீர்மானிக்கும்.

தொடக்கநிலை இரண்டாம் வகுப்பிலேயே படித்துவிடும் கணக்குதான். ஆனால் எங்கள் வீட்டில் அந்தக் கணக்கை எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை போட்டோம். முதல் முறை எனக்காக, 2016ல். இரண்டாம் முறை என் தம்பிக்காக, 2024ல். இரண்டு முறையும் விடை வேறு. அந்த இரண்டு விடைகளுக்கும் நடுவில் எங்கள் குடும்பக் கதை முழுவதும் இருக்கிறது.

2016ல் அப்பா பேருந்து ஓட்டுநர். மாதம் 2,900 வெள்ளி. அம்மா ஒரு பாலர் பராமரிப்பு நிலையத்தில் சமையல் வேலை, 1,500 வெள்ளி. ஈசூனில் நான்கறை வீவக வீடு. எனக்குப் பல்கலைக்கழகத்தில் சமூக அறிவியல் படிக்க இடம் கிடைத்த கடிதம் வந்த அன்று அம்மா பாயசம் வைத்தார். அப்பா கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, கட்டணம் எழுதியிருந்த பக்கத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டார். ஆண்டுக்கு ஏறத்தாழ 8,000 வெள்ளி. நான்கு ஆண்டுக்கு 32,000.

உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று நான் சொன்னதும் அப்பாவின் முகம் மாறியது.

“நான் நல்லா கை காலோடதானே இருக்கேன்? எதுக்கு அரசாங்கத்துகிட்ட கை நீட்டணும்? உண்மையிலேயே இல்லாதவங்களுக்கு அது போகட்டும்.”

இந்தப் பேச்சு நம் வீடுகளுக்குப் புதிதல்ல. அதில் ஒரு நல்ல மனம் இருக்கிறது, ஒரு வீம்பும் இருக்கிறது. அப்பாவின் வீம்பை உடைத்தது நானோ அம்மாவோ அல்ல, கட்டண அட்டவணைதான். அதில் இரண்டு வரிசைகள் இருந்தன. மானியம் இல்லாத கட்டணம் ஒன்று, மானியம் போக நாம் கட்ட வேண்டியது ஒன்று. முதல் வரிசையில் இருந்தது ஏறத்தாழ 30,000 வெள்ளி. ஆண்டுக்கு.

“இது என்ன?” என்றார் அப்பா.

“அதுதான்பா உண்மையான கட்டணம். மிச்சத்தைக் கல்வி அமைச்சு கட்டுது. கல்விக் கட்டண மானியம்.”

“நாம விண்ணப்பமே போடலையே?”

“குடிமக்கள் எல்லாருக்கும் உண்டு. சம்பளம் பார்க்கிறதில்ல.”

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்போ புக்கிட் தீமா பங்களாவிலிருந்து பென்ஸ் கார்ல வந்து இறங்கற பிள்ளைக்கும் இதே மானியம்தானா?”

அதே மானியம்தான். அப்பா பேசவில்லை. அம்மாதான் முடித்துவைத்தார். “கோழி வாங்கினா ஜிஎஸ்டி, கொத்தமல்லி வாங்கினா ஜிஎஸ்டி. இத்தனை வருஷமா கொடுத்துகிட்டேதானே இருக்கோம். அதுல கொஞ்சம் திரும்பி வருது, வாங்கிக்கலாம்.”

இன்றும் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது இதைத்தான். ஆண்டுக்கு இருபதாயிரம் வெள்ளிக்கு மேல் அரசாங்கம் நமக்காகக் கட்டுகிறது. கேட்காமலே வருவதால் அதை வாங்க யாருக்கும் கூச்சம் இல்லை. அதற்கு மேல் சில ஆயிரம் வெள்ளி உதவித்தொகைக்குப் படிவம் நிரப்பச் சொன்னால் மட்டும் மானம் குறுக்கே வந்து நிற்கிறது. என் வகுப்பில் ஜோகூரிலிருந்து வந்த தோழி ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் மானியம் உண்டு, ஆனால் அவள் கட்டணம் என்னுடையதைவிட அதிகம். படித்து முடித்ததும் மூன்றாண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்வதாக ஒப்பந்தத்திலும் கையெழுத்திட வேண்டியிருந்தது. நிரந்தரவாசிகளுக்கும் அந்த ஒப்பந்தம் உண்டு. குடிமக்களுக்கு அதுவும் இல்லை. நமக்குக் கேள்வியே கேட்காமல் கொடுக்கப்படுவது எவ்வளவு என்பது, அவள் அந்த ஒப்பந்தத்தைப் பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

சரி, விண்ணப்பிப்பது என்று முடிவானது. 4,400 வெள்ளியை எத்தனையால் வகுப்பது?

அப்பா, அம்மா, நான், தம்பி. நான்கு பேர். 1,100 வெள்ளி. ஆனால் எங்கள் வீட்டில் தினமும் ஐந்து தட்டுதான் வைப்போம். ஐந்தாவது, பாட்டி. அப்பாவின் அம்மா. தாத்தா போன பிறகு உட்லண்ட்ஸில் பெரியப்பா வீட்டிலும் எங்கள் வீட்டிலும் மாறி மாறி இருந்தவர், முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு எங்களோடே தங்கிவிட்டார். எங்கள் புளோக்கில் மின்தூக்கி வாசலுக்கு நேராக நிற்கும் என்பது ஒரு காரணம். அம்மாவின் ரசம் இன்னொரு காரணம். ஆனால் பாட்டியின் அடையாள அட்டையில் இருந்தது பெரியப்பா வீட்டு முகவரி.

நிதியுதவிக் கணக்கில் தாத்தா பாட்டியையும் சேர்க்கலாம், அதே முகவரியில் இருந்தால். பாட்டியைச் சேர்த்தால் 4,400ஐ ஐந்தால் வகுக்கலாம். 880 வெள்ளி. எங்களுக்கு அது வேறு அடுக்கு.

இவ்வளவுதான் விஷயம். பாட்டி எங்கே இருக்கிறாரோ அந்த முகவரியை அட்டையில் பதிவது. சட்டப்படியும் செய்ய வேண்டியதுதான். ஆனால் அப்பா அதைச் சொல்ல உட்லண்ட்ஸுக்குப் போன மாலை, பெரியப்பா வீட்டில் தேநீர் ஆறிப்போனது. பெரியப்பா மூத்த மகன். அம்மா தன் வீட்டு முகவரியில் இருப்பது அவருக்கு ஓர் உரிமை. “காசுக்காக அம்மாவை என் வீட்டிலிருந்து எடுக்கறியா?” என்று கேட்டுவிட்டார். அப்பாவுக்குப் பதில் வரவில்லை. கை நீட்ட மாட்டேன் என்றவரை மகளுக்காக அண்ணன் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டோமே என்று எனக்குத் தொண்டை அடைத்தது. விண்ணப்பமே வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன்.

பாட்டி முந்திக்கொண்டார். “நான் எங்கே சாப்பிட்டுப் படுக்கறேனோ அதுதானே என் வீடு? அட்டையில எழுதறதாலேயா நீ என் மகன் இல்லாமப் போயிடுவே? பேத்தி படிக்கணும். எழுதுங்கடா.”

பெரியப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். ஆனால் அடுத்த சனிக்கிழமை அவரேதான் காரை எடுத்துக்கொண்டு வந்து பாட்டியை அக்கம்பக்கக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார். அடையாள அட்டையின் பின்புறம் ஈசூன் முகவரி அச்சிட்ட சின்ன ஒட்டுத்தாள் ஒட்டிக் கொடுத்தார்கள். பாட்டி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “நேரா ஒட்டியிருக்காங்களா?” என்று கேட்டார்.

உதவித்தொகை கிடைத்தது. மீதிக் கட்டணத்துக்கு எங்கள் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, வங்கி வழியாக வரும் கல்விக் கட்டணக் கடன். மானியம் போக உள்ள கட்டணத்தில் 90 விழுக்காடு வரை தருவார்கள். படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. முடித்த பிறகு வட்டி ஏறும். அப்போது 4.75 விழுக்காடு. இன்னொன்று, மத்திய சேமநிதிக் கல்விக் கடன் திட்டம். அப்பாவின் சாதாரணக் கணக்கில் சேர்ந்த தொகையில் 40 விழுக்காடு வரை என் படிப்புக்கு எடுக்கலாம். வட்டி 2.5 விழுக்காடுதான், ஆனால் எடுத்த நாளிலிருந்தே ஏறும். படிப்பு முடிந்த ஓராண்டில் நான் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும். அதிகபட்சம் 12 ஆண்டு.

அப்பா இரண்டாவதைத் தேர்ந்தார். அவருடைய கணக்கு எளிது. “வட்டியை வங்கிக்குக் கட்டறதுக்குப் பதிலா எனக்குக் கட்டு.”

கேட்கும்போது சிரித்தோம். ஆனால் அந்தப் பணம் சும்மா கிடந்த பணமல்ல. வீட்டுக் கடன் மாதாமாதம் அதே கணக்கிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. பேருந்து ஓட்டிய ஒவ்வொரு விடியற்காலையும் அதில் சேர்ந்திருந்தது. நான்கு ஆண்டில் நான் எடுத்தது ஏறத்தாழ 20,000 வெள்ளி. ஒவ்வொரு பருவமும் கட்டணம் கழியும்போது அப்பாவின் சேமநிதி அறிக்கையில் ஒரு வரி வரும். அதை அவர் கோப்பில் வரிசையாகச் செருகி வைப்பார். ஒரு முறைகூட என்னிடம் காட்டியதில்லை. துணி மடிக்கும்போது நானாகத்தான் பார்த்தேன்.

2021ல் நான் கட்டத் தொடங்கினேன். மாதம் 250 வெள்ளி. தள்ளுபடி கிடையாது, அப்பா கேட்டாலும் நான் விடமாட்டேன். பெற்றோருக்குப் பிள்ளை மாதம் கொடுக்கும் காசு அன்பா, கடமையா, கடனா என்று நம் வீடுகளில் எவ்வளவோ மனத்தாங்கல் வரும். எங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. கடன் தனி, எவ்வளவு என்று இருவருக்கும் தெரியும். அன்புக்காக அம்மா கையில் கொடுப்பது தனி.

ஒன்று சொல்ல வேண்டும். 2019 தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் உதவித்தொகையை உயர்த்துவதாக அறிவித்தார். குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பொதுவான பட்டப்படிப்புகளில் கட்டணத்தின் 50 விழுக்காடு வரை கிடைத்துவந்தது 75 விழுக்காடு வரை ஆகும் என்றார். ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 வெள்ளி கட்டியவர்கள் 2,000 கட்டினால் போதும். பலதுறைத் தொழிற்கல்லூரி பட்டயப் படிப்புக்கு 80லிருந்து 95 விழுக்காடு. எல்லாம் 2020 கல்வியாண்டிலிருந்து. நான் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வந்த ஆண்டு. “உனக்குத் தீபாவளிக்கு மறுநாள் வந்த துணி மாதிரி,” என்றார் பாட்டி. ஆனால் தம்பிக்குப் புதுத்துணி இருக்கும் என்று எல்லாரும் மகிழ்ந்தோம்.

தம்பி தேசிய சேவை முடித்து 2024ல் பல்கலைக்கழகம் சேர்ந்தான். மறுபடியும் அதே மேசை, அதே வகுத்தல். ஆனால் எண்கள் எல்லாம் மாறியிருந்தன.

பாட்டி 2021ல் காலமாகிவிட்டார். அப்பாவுக்கு முதுகுவலி வந்து, ஓட்டுநர் வேலையை விட்டுப் பணிமனையில் இலகுவான வேலைக்கு மாறியிருந்தார். 2,600 வெள்ளி. அம்மாவுக்கு 1,700. ஒரு தளவாட நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு 4,700. எனக்குத் திருமணமாகவில்லை, அதே வீட்டில்தான் இருக்கிறேன். ஆகவே என் சம்பளமும் கூட்டலில் சேரும். மொத்தம் 9,000. நான்கு பேர். 2,250 வெள்ளி.

நான் இல்லாமல் அந்தக் கணக்கைப் போட்டால் 4,300ஐ மூன்றால் வகுக்க வேண்டும். ஆயிரத்து நானூற்றுச் சொச்சம். நான் வேலைக்குப் போனதால் தம்பிக்குக் கிடைக்க வேண்டிய உதவித்தொகை குறைகிறது. அந்தத் தாளைப் பார்த்தபோது வயிற்றில் ஏதோ பிசைந்தது. என் படிப்புக்குக் கை கொடுத்த அதே ஏற்பாடு, அந்தப் படிப்பால் வந்த சம்பளத்தைக் காட்டித் தம்பியிடம் “உனக்கு இவ்வளவு போதும்” என்கிறது.

விஷயம் தெரிந்ததும் அத்தை ஒரு வழி சொன்னார். “உன் அட்டை முகவரியை என் வீட்டுக்கு மாத்திடேன். பாட்டிக்கு மாத்தினீங்கல்ல, அது மாதிரிதானே? பையன் படிச்சு முடிச்சதும் திரும்ப மாத்திக்கலாம்.”

அத்தை கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மருமகனுக்கு நல்லது நடக்க வேண்டும் என்றுதான் சொன்னார். நானும் உடனே மறுத்துவிடவில்லை, ஓர் இரவு யோசித்தேன். பாட்டியின் முகவரியை மாற்றியது நிஜத்தை எழுதியது. என் முகவரியை மாற்றினால் நிஜத்தை அழிப்பது. பாட்டி எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் படுத்தார். நானும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டுப் படுக்கிறேன். பொய்த் தகவல் கொடுத்தால் சட்டம் என்ன செய்யும் என்பது இருக்கட்டும், பெரியப்பா அன்றைக்கு அவ்வளவு வேதனையோடு விட்டுக்கொடுத்தது ஓர் உண்மைக்காக. அதை ஒரு தந்திரமாக்கி மறுபடி பயன்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் தோன்றியது. கோபம் தணிந்த பிறகு பார்த்தால் அந்தக் கணக்கில் தவறில்லை. 2016ல் எங்கள் வீட்டுக்குத் தேவை அதிகம், கொடுத்தார்கள். 2024ல் தேவை குறைந்திருக்கிறது, குறைத்தார்கள். எனக்குக் கொடுத்தது அதற்குத்தானே? நாங்கள் நின்ற இடத்தில் இப்போது வேறொரு குடும்பம் நிற்கும். ஒருவர் சம்பளத்தில் ஐந்து பேர். என் சம்பளச் சீட்டிலிருந்து மாதம் 9 வெள்ளி சிண்டாவுக்குப் போகிறது. அம்மா 1,500 வெள்ளி வாங்கிய காலத்தில் அவருக்கு 3 வெள்ளி பிடித்தார்கள். அம்மாவின் மூன்று வெள்ளி எந்தப் பிள்ளையின் துணைப்பாட வகுப்புக்குப் போனதோ, அந்தப் பிள்ளையின் பெயர் எங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

ஆனால் கணக்கில் தவறில்லை என்பதற்காக அது முழுக் கணக்கு ஆகிவிடாது. என் 4,700 வெள்ளியில் அப்பாவின் சேமநிதிக்குத் திரும்பிப் போகும் 250 வெள்ளி அதில் தெரியாது. அப்பாவின் முதுகு தெரியாது. நாளை எனக்குத் திருமணமாகிப் போனால் வீட்டுக்கு என்ன ஆகும் என்பதும் தெரியாது. எந்தப் படிவத்திலும் அதற்கெல்லாம் கட்டம் போட முடியாது. அந்த இடைவெளியைக் குடும்பம்தான் நிரப்ப வேண்டும்.

தம்பிக்குக் கிடைத்த உதவித்தொகை எனக்குக் கிடைத்ததைவிடக் கீழ் அடுக்கு. முதல் பருவத்துக்கு அவனுடைய உயர்நிலைக்குப் பிந்தைய கல்விக் கணக்கில் இருந்த சேமிப்பு உதவியது. மீதிக்கு அப்பா மறுபடி தன் சேமநிதியைக் காட்டினார். 55 வயதானதும் அதில் ஒரு பெரும் பகுதி ஓய்வுக்காலக் கணக்குக்குப் போயிருந்தது. மிஞ்சியதையும் பிள்ளைக்கு என்று வைத்துக்கொண்டு நின்றார். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். “நான் வாங்கினதே இன்னும் முழுசா திரும்பி வரலப்பா. இது உங்க சோறு.”

தம்பி வங்கிக் கல்விக் கட்டணக் கடன் எடுத்தான். அதற்கு உத்தரவாதக் கையெழுத்து வேண்டும். நான் போட்டேன். வங்கி முகப்பில் கையெழுத்திட்டபோது தம்பி காதருகே குனிந்து, “அக்கா, உன் சம்பளத்தாலதான் எனக்கு உதவித்தொகை குறைஞ்சது, ஞாபகம் வச்சுக்கோ,” என்றான். “அந்தச் சம்பளத்தாலதான் இந்தக் கையெழுத்து செல்லுது, அதையும் ஞாபகம் வச்சுக்கோ,” என்றேன். இப்போது வாரம் இரண்டு மாலை துணைப்பாடம் சொல்லிக்கொடுத்துக் கைச்செலவை அவனே பார்த்துக்கொள்கிறான்.

இந்த ஆண்டும் பல வீடுகளில் அந்தக் கடிதம் வரும். அனுபவத்தில் சொல்கிறேன், சிலவற்றை மட்டும் மனத்தில் வையுங்கள். நமக்குக் கிடைக்காது என்று நீங்களாகவே முடிவு செய்துவிடாதீர்கள். நடுத்தர வருமானக் குடும்பங்களுக்கும் அடுக்குகள் உண்டு, வருமான வரம்புகள் அவ்வப்போது மாறுகின்றன. அந்த ஆண்டின் பட்டியலைப் பல்கலைக்கழக நிதியுதவிப் பிரிவில் பாருங்கள். வீட்டில் யார் யார் உண்மையில் இருக்கிறார்கள், அட்டை அதையே சொல்கிறதா என்று கடைசி நாளுக்கு முன்பே பாருங்கள். விண்ணப்பித்த பிறகு யாருக்காவது வேலை போனாலோ உடல்நலம் கெட்டாலோ வாய் திறந்து சொல்லுங்கள், மேல்முறையீட்டுக்கு இடம் இருக்கிறது. சேமநிதியா வங்கியா என்று முடிவெடுக்கும்போது வட்டி விகிதத்தை மட்டும் பார்க்காமல், அப்பா அம்மாவுக்கு என்ன வயது, அவர்களுக்கு அந்தப் பணம் எப்போது தேவைப்படும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

முக்கியமாக, அந்தக் கணக்கைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டே போடுங்கள். அப்பா எவ்வளவு சம்பாதிக்கிறார், அம்மா எவ்வளவு சம்பாதிக்கிறார், யார் யார் அதில் சாப்பிடுகிறார்கள் என்பதைப் பதினெட்டு வயதில் ஒரு தாளில் பார்த்த பிள்ளை, வகுப்பைத் தவறவிட்டுத் தூங்குவதற்கு முன் ஒருமுறையாவது யோசிக்கும்.